பழைய பர்பன் பாட்டில்களை ஏலத்தில் எடுத்த அனுபவங்கள்: எது விலைக்குத் தகும்?

ரெடிங், இங்கிலாந்து

நண்பர்களே, போன மாதம் இணைய ஏலம் ஒன்றில் ஓல்டு ஃபிட்ஸ்ஜெரல்டு என்ற பர்பன் (மக்காச்சோளத்தை முதன்மையாகக் கொண்ட அமெரிக்க விஸ்கி) பாட்டில் ஒன்றை எடுத்தேன். ஐந்து ஆண்டுகளில் இது என் ஏழாவது பழைய பர்பன். முந்தைய ஆறில் மூன்றுக்குக் கொடுத்த பணம் வீண். ஏன் வீணானது என்பது இந்த ஏழாவதைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. அதனால் எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

கண்ணாடிக்குள் போன விஸ்கிக்கு வயது ஏறுவதில்லை. பீப்பாயில் ஆறு ஆண்டு இருந்த பர்பன், அதன் பிறகு ஐம்பது ஆண்டு பாட்டிலில் கிடந்தாலும் ஆறு ஆண்டு பர்பன்தான். பிறகு எதற்கு இவ்வளவு விலை? அதை வடித்த இடம் இன்று ஓடவில்லை, வடித்த முறையும் மாறிவிட்டது என்பதற்காகத்தான். அப்படியானால் எங்கே, எந்த ஆண்டில் வடித்தது என்று காட்ட முடியாத பாட்டிலுக்கு நான் ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? இந்தக் கேள்வியை முதல் நாளிலேயே கேட்டிருந்தால் அந்த மூன்று பாட்டில்களையும் தொட்டிருக்க மாட்டேன்.

இந்த ஓல்டு ஃபிட்ஸ்ஜெரல்டு, அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரை ஒட்டிய ஷைவ்லியில் இருந்த ஸ்டிட்ஸல்-வெல்லர் வடிசாலையில் உருவானது. 1935-ல் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தய நாளன்று திறந்த ஆலை அது. மக்காச்சோளத்தோடு வழக்கமாகச் சேர்க்கும் ரை தானியத்தை விட்டுவிட்டு அங்கே கோதுமை சேர்த்தார்கள். 1972-ல் அது, அதுவரை நடத்திவந்த வான் விங்கிள் குடும்பத்தின் கையை விட்டுப் போனது. 1992-ல் வடிப்பதே நின்றுபோனது.

மூடியின் மேல் ஒட்டியிருந்த பச்சை வரிப்பட்டைதான் (வரிக்காக அரசு ஒட்டச் சொன்ன காகிதப் பட்டை) என்னை ஈர்த்தது. அமெரிக்காவில் 1897-ல் வந்த 'பாட்டில்டு இன் பாண்ட்' சட்டப்படி, அந்தப் பெயரைத் தாங்கும் விஸ்கி ஒரே வடிசாலையில் ஒரே பருவத்தில் வடித்ததாக இருக்க வேண்டும், குறைந்தது நான்கு ஆண்டு பீப்பாயில் இருக்க வேண்டும், 100 புரூஃபில், அதாவது 50 சதவீத ஆல்கஹாலில் அடைத்திருக்க வேண்டும். பழைய பச்சைப் பட்டையில் வடித்த பருவம், அடைத்த பருவம் இரண்டுமே அச்சாகியிருக்கும். என் பாட்டிலில் 1966 வசந்தம், 1972 இலையுதிர்காலம் என்று இருந்தது. ஆலை கைமாறிய ஆண்டில் அடைத்தது என்றாலும், வடித்தது குடும்பம் நடத்திய காலத்தில்.

பட்டை ஒன்றை மட்டும் நம்பிவிடவில்லை. அடிப்பாகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கண்ணாடித் தொழிற்சாலையின் குறியோடு, பாட்டில் செய்த ஆண்டைக் காட்டும் 72 என்ற எண் இருந்தது. லேபிளில் அளவு '4/5 குவார்ட்' என்று இருந்தது. 1980 தொடக்கத்தோடு அமெரிக்க மது பாட்டில்கள் முழுவதுமாக மில்லிலிட்டருக்கு மாறிவிட்டன. 1989 நவம்பரிலிருந்து கட்டாயமான அரசு எச்சரிக்கை வாசகமும் இல்லை. எல்லாம் ஒரே காலத்தைச் சொல்லின. திரவம் கழுத்தின் அடிவரை நின்றது. பட்டை கிழியவில்லை.

420 பவுண்டில் சுத்தியல் விழுந்தது. 12 சதவீதக் கமிஷன், அந்தக் கமிஷன் மீது 20 சதவீத வாட் வரி, அனுப்பும் செலவு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 495 பவுண்டு ஆயிற்று. ஏலம் கேட்கும்போது திரையில் தெரியும் எண் நாம் கொடுக்கப்போகும் எண் இல்லை என்பதைப் புதியவர்கள் மறக்க வேண்டாம். எனக்கே இரண்டு முறை மறந்திருக்கிறது.

திறந்த முதல் பத்து நிமிடம் பூட்டிக் கிடந்த அலமாரி வாசனை, கூடவே மூடியின் உலோக வாடை. என் மனைவி முகர்ந்துவிட்டு அறையை விட்டே போய்விட்டாள். அரை மணி நேரம் கண்ணாடிக் கோப்பையில் விட்டு வைத்தேன். அதன் பிறகு எழுந்தது கருப்பட்டிப் பாகு, கிராம்பு, தாத்தாவின் மரப்பெட்டியைத் திறந்தது போன்ற ஒரு மணம். விழுங்கிய பிறகும் நெடுநேரம் நாக்கை விட்டுப் போகவில்லை. இந்த விலைக்கு இது தகும் என்று மனதாரச் சொல்வேன்.

வீணான மூன்றில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதுவும் ஓல்டு ஃபிட்ஸ்ஜெரல்டுதான், அடியில் 98 என்ற எண். விற்பனைக் குறிப்பில் 'ஸ்டிட்ஸல்-வெல்லர் காலத்தது' என்று எழுதியிருந்தார்கள், நானும் நம்பினேன். 1992-க்குப் பிறகு அதே கோதுமை பர்பனை லூயிவில்லின் பெர்ன்ஹைம் வடிசாலையில் வடித்தார்கள். வயது குறிப்பிடாத லேபிள், 1998 கண்ணாடி, எனவே உள்ளே இருப்பது ஸ்டிட்ஸல்-வெல்லரில் வடித்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. குடிக்க நன்றாகவே இருந்தது. ஆனால் நான் பணம் கொடுத்தது வேறொன்றுக்கு.

லெக்சிங்டன், கென்டக்கி

ஐயா, நீங்கள் சொன்ன அந்தக் குழப்பத்துக்கு இங்கே ஒரு அண்ணன் இருக்கிறான். 1996 நவம்பர் 7-ஆம் தேதி பார்ட்ஸ்டவுனில் ஹெவன் ஹில் வடிசாலை எரிந்தது. ஏழு கிடங்குகளும் ஏறத்தாழ 90,000 பீப்பாய்களும் போயின. அதற்கு முன் அங்கே வடித்ததைச் சேகரிப்பாளர்கள் 'தீக்கு முந்தையது' என்று தனியாகத் தேடுகிறார்கள், விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. எரிந்த ஆலையின் பதிவெண் டிஎஸ்பி-கேஒய்-31. லேபிளில் 31-ஐப் பார்த்தவுடன் நான் துள்ளிக் குதித்து ஒரு பாட்டிலை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால், '31-ல் பாட்டிலில் அடைத்தது' என்று இருக்கிறது. வடித்த இடம் டிஎஸ்பி-கேஒய்-1, அதாவது 1999-ல் ஹெவன் ஹில் நிறுவனம் வாங்கிய பெர்ன்ஹைம். பார்ட்ஸ்டவுனில் பாட்டிலில் அடைக்கும் வேலை தீக்குப் பிறகும் தொடர்ந்ததால் 31 என்ற எண் புதிய லேபிள்களிலும் வருகிறது. 'வடித்தது' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எந்த எண் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு சொல்லைக் கவனிக்காததற்கு 260 டாலர் போயிற்று. உங்கள் பாட்டிலில் 16 இருந்திருக்கும், அது ஸ்டிட்ஸல்-வெல்லரின் எண்.

இன்னொன்று, எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஏலத்துக்குப் போகும் முன் ஒரு அவுன்ஸ் வாங்கிக் குடித்துப் பாருங்கள். கென்டக்கியில் 2018 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, உரிமம் பெற்ற கடைகளும் மதுக்கூடங்களும் தனியாரிடமிருந்து பழைய பாட்டில்களை வாங்கி விற்கலாம். அதனால் 1970களின் பர்பனை அளவாக ஊற்றித் தரும் இடங்கள் இங்கே இருக்கின்றன. என் மைத்துனர் இந்தியாவிலிருந்து வந்தபோது கூட்டிப்போனேன். ஒரு மிடறு குடித்தவர், "மாப்பிள்ளை, எனக்குப் புதியதே போதும்" என்றார். அவருக்கு அந்தப் பழைய மணம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நாற்பது டாலரில் அதைத் தெரிந்துகொண்டார். எனக்கோ அன்றைக்குத் தொடங்கிய மோகம் இன்றுவரை தணியவில்லை.

எடிசன், நியூ ஜெர்சி

அண்ணா, என்னுடையது இன்னும் அடிப்படையான தவறு. இறந்துபோன ஒருவரின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது 1960களின் ஃபோர் ரோஸஸ் ஆறு பாட்டில்கள் ஒரே கட்டாக வந்தன. இன்று நான் விரும்பிக் குடிக்கும் பர்பன் அது. சிவப்பு வரிப்பட்டை, அழகான லேபிள், கழுத்துவரை திரவம். யாரும் போட்டிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஒரு கணம் யோசித்திருக்க வேண்டும்.

அவை பர்பனே இல்லை. சீக்ராம் நிறுவனத்தின் கையில் இருந்த காலத்தில், அமெரிக்காவுக்குள் ஃபோர் ரோஸஸ் என்ற பெயரில் கலப்பு விஸ்கியை விற்றார்கள். உண்மையான பர்பன் ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் போனது. 2002-ல் ஜப்பானின் கிரின் வாங்கிய பிறகுதான் பர்பன் மீண்டும் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. என் பாட்டிலின் லேபிளிலேயே சிறிய எழுத்தில் தானிய ஸ்பிரிட் எத்தனை சதவீதம் என்று இருந்தது. பாதிக்கும் மேல்! சுவையில்லாத வெறும் ஸ்பிரிட்டுக்கு ஐம்பது ஆண்டு மரியாதை கொடுத்துக் காசும் கொடுத்திருக்கிறேன்.

அதனால் இப்போது பெயரைப் பார்ப்பதற்கு முன் 'ஸ்ட்ரெய்ட் பர்பன்' என்ற இரண்டு சொற்களைத் தேடுகிறேன். அவை இல்லையென்றால் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதுகூட இல்லை.

நேப்பர்வில், சிகாகோ அருகில்

நான் விஸ்கி குடிப்பதில்லை. என் கணவர்தான் ஏலப் பித்தர். ஆனால் இதை நான் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நான் வேதியியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பழைய மோட்டார் கார் வடிவப் பீங்கான் குடுவை ஒன்றை எடுத்தார். 1960, 70களில் ஜிம் பீம் போன்ற நிறுவனங்கள் இப்படி எத்தனையோ உருவங்களில் குடுவை செய்து பர்பன் நிரப்பி விற்றன. 'நிரம்பியது, முத்திரை உடையாதது' என்று விற்பவர் எழுதியிருந்தார். பீங்கானுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாதே! வந்ததைத் தூக்கிப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். அதே மாதிரிக் காலிக் குடுவை ஒன்று நண்பர் வீட்டில் இருந்தது, அதை எடைபோட்டு ஒப்பிட்டோம். பாதிகூட இல்லை. தக்கை விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது.

அதைக் காட்டிலும் பெரிய கவலை ஈயம். பழைய பீங்கான் மெருகிலும் வண்ணங்களிலும் ஈயம் இருக்கலாம். ஐம்பது ஆண்டு சாராயம் அதோடு ஒட்டிக் கிடந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும். முகர்ந்தோ சுவைத்தோ கண்டுபிடிக்க முடியாது. பணம் கட்டி ஒரு சோதனைக்கூடத்தில் கொடுத்தோம், ஈயம் இருந்தது. அவர் எவ்வளவோ கெஞ்சினார். "ஒரு சொட்டுக்கூட வேண்டாம்" என்று நானே கழிவுநீர்த் தொட்டியில் கொட்டினேன். குடுவை இப்போது மகனின் அலமாரியில் நிற்கிறது. பார்க்க அழகுதான்.

குடிப்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால் கண்ணாடி மட்டும் வாங்குங்கள். பீங்கானை வாங்கினால் பொம்மை விலைக்கு மேல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

சிங்கப்பூர்

சுருக்கமாக, வைல்டு டர்க்கி 101 என்ற பர்பன் பற்றி. 'எட்டு ஆண்டு' என்று அச்சிட்ட பழைய பாட்டிலுக்கு ஏலத்தில் நிறையக் கேட்கிறார்கள். அமெரிக்க லேபிளிலிருந்து 1990களில் அந்த வயது நீங்கியது, ஆனால் ஜப்பானுக்குப் போன பாட்டில்களில் தொடர்ந்தது. எனவே அந்த எட்டை மட்டும் வைத்து விலை போடாதீர்கள்.

பழையது வேறு சுவையில் இருப்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு காரணம், பீப்பாய்க்குள் என்ன பலத்தில் ஊற்றினார்கள் என்பது. அந்த ஆலையில் 2004 வரை 107 புரூஃபில் ஊற்றினார்கள். பிறகு 110, 2006-லிருந்து 115. குறைந்த பலத்தில் ஊற்றினால் அடைக்கும்போது கலக்க வேண்டிய தண்ணீர் குறைவு, பீப்பாயில் ஊறியது அப்படியே பாட்டிலுக்கு வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்திருக்கிறேன். பழையதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

ஆனால் திரவம் தோள்வரை இறங்கிவிட்ட பாட்டிலை விலை குறைவு என்று எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். காற்று உள்ளே போயிருந்தது. தட்டையாக, ஈர அட்டைப்பெட்டி வாசனையோடு இருந்தது. எவ்வளவு நேரம் திறந்து வைத்தும் தேறவில்லை.

ரெடிங், இங்கிலாந்து

எல்லோருக்கும் நன்றி. நேப்பர்வில் சகோதரி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு, நான் குறித்து வைத்திருந்த இரண்டு பீங்கான் குடுவைகளை உடனே நீக்கிவிட்டேன். நான் எழுத மறந்த போலிகளைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கிறேன். 2018-ல் ஸ்காட்லாந்து ஆய்வகம் ஒன்று அரிய ஸ்காட்ச் பாட்டில்கள் 55-ஐச் சோதித்தபோது 21 போலி என்று தெரிந்தது. பர்பனிலும் பாப்பி வான் விங்கிள் என்ற உச்ச விலை வகையின் காலிப் பாட்டில்களுக்கே நல்ல விலை இருக்கிறது. எதற்காக வாங்குவார்கள் என்று யோசியுங்கள். அதனால் உச்ச விலைப் பாட்டில்களின் பக்கம் நான் போவதே இல்லை.

வரும் ஞாயிறு ஏலத்தில் ஒரு ஓல்டு வெல்லர் ஆன்டிக் வருகிறது, அதுவும் ஸ்டிட்ஸல்-வெல்லரில் வடித்துவந்த பர்பன்தான். 107 புரூஃப், லேபிளில் ஏழு ஆண்டு, ஊர் லூயிவில். வரிப்பட்டை இல்லை, 1985-க்குப் பிறகு அவை நின்றுவிட்டன. எச்சரிக்கை வாசகம் இருக்கிறது. '98' பாட்டிலில் பட்ட அடி நினைவுக்கு வந்து விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனாலும் அடிப்பாகத்தின் படம் கேட்டேன். இன்று காலை வந்தது, எண் 94.

94-ல் ஏழு போனால் 87. பாட்டிலில் அடைக்க ஓராண்டு தாமதமானாலும் 88. ஸ்டிட்ஸல்-வெல்லர் நின்றது 1992-ல். லேபிள் உண்மையானால் உள்ளே இருப்பது அங்கே வடித்ததுதான். திரவம் கழுத்தின் நடுவரை நிற்கிறது. கமிஷன், வரி எல்லாம் சேர்த்து 400 பவுண்டு என்று வரம்பு வைத்திருக்கிறேன், அதன்படி ஏலத்தில் 335 வரை கேட்பேன். கிடைத்தால் அன்றைக்கே திறந்துவிட்டு எழுதுகிறேன்.