மழைக்காலத்தில் வெளுத்துப்போன வார்னிஷ்: ஃப்ளை கட்டுகிறவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நல்லதண்ணி, மூணாறு:

ட்ரவுட் மீனை ஏமாற்ற, தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி போலக் கட்டுகிற பொய் இரைதான் ஃப்ளை. அதற்கு இறகு எது, நூல் எது, முள் என்ன நம்பர் என்று எல்லாவற்றையும் பேசுகிறோம். கட்டி முடித்தபின் ஃப்ளையின் தலையில், அதாவது நூலை முடிச்சுப் போட்டு முடிக்கிற நுனியில், வைக்கிற ஒரு சொட்டு வார்னிஷைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. எனக்கு ட்ரவுட் தப்பியதில் பாதி அந்தச் சொட்டால்தான்.

போன ஜூலையில் நடந்தது இது. சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு விடிகாலையில் ஓடைக்குப் போனேன். மயில் இறகு இழையில் உடம்பு சுற்றி, கறுப்புச் சேவல் இறகு வைத்துக் கட்டிய ஃப்ளை. இரண்டு மீன் எடுத்தது. மூன்றாவது மீன் கடித்து உதறிவிட்டுப் போனதும் இழுத்துப் பார்த்தால், தலையில் நூல் அவிழ்ந்து, மயில் இழை தாடி மாதிரி தொங்குகிறது. பெட்டியில் அதே நாளில் கட்டிய இன்னும் ஆறு இருந்தன. எல்லாவற்றின் தலையும் கண்ணாடி போல மின்னியது. வீட்டுக்கு வந்து ஒன்றை பிளேடால் கீறிப் பார்த்தேன். வார்னிஷ் மட்டும் வேர்க்கடலைத் தொலி மாதிரி தனியாகக் கழன்று வந்தது. உள்ளே நூல் துளி கூட நனையாமல் அப்படியே இருந்தது.

பிசகு இரண்டு இடத்தில். நூலுக்குத் தேன்மெழுகை அள்ளித் தேய்த்திருந்தேன், அதனால் வார்னிஷ் உள்ளே இறங்கவில்லை. பாட்டிலில் கெட்டிப்பட்டிருந்த வார்னிஷை அப்படியே ஒரே தடவையில் வைத்துவிட்டேன், அது மேலேயே உட்கார்ந்துகொண்டது. இப்போது முதல் கோட்டுக்கு தின்னர் விட்டுத் தண்ணீர் மாதிரி நீர்க்க வைத்துக்கொள்கிறேன். ஊசி நுனியால் தொட்டதும் நூலின் நிறம் சட்டென்று அடர்த்தியாகும். அப்படி ஆனால் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். நிறம் மாறாவிட்டால் அன்றைக்கு எவ்வளவு பூசினாலும் பிரயோஜனம் இல்லை. மறுநாள் கெட்டியாக ஒரு கோட். மினுமினுப்பு வேண்டுமென்றால் மூன்றாவது. முள்ளின் கண், அதாவது தூண்டில் கயிறு கோக்கிற ஓட்டை, அடைத்துக்கொண்டால், ஈரம் காய்வதற்குள் பழைய இறகின் காம்பு ஒன்றை அதற்குள் விட்டு உருவிவிடுங்கள். ஓடைக்கரையில் குளிரில் விறைத்த விரலோடு ஊசி வைத்துக் குத்திக்கொண்டிருக்க முடியாது.

அதன்பின் இன்னொரு தொல்லை வந்தது. ஆகஸ்டில் கட்டியவை எல்லாம் காய்ந்ததும் தயிர் நிறத்தில் வெளுத்தன. பாட்டில் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு வாங்கினேன். அதுவும் வெளுத்தது. விடை சொன்னவர் ஓர் ஆசாரி. எஸ்டேட் பங்களாவில் பழைய நாற்காலிகளுக்கு அரக்குப் பாலிஷ் போட வந்தவர், தூரிகையைத் தொடாமல் மூன்று நாள் உப்புத்தாள் மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். “மழை விடட்டும் தம்பி, இப்ப அடிச்சா பூத்துப்போகும்” என்றார். தின்னரோ ஸ்பிரிட்டோ வேகமாக ஆவியாகும்போது பூசின இடம் சில்லென்று ஆகிறது. காற்றில் இருக்கிற ஈரம் அந்தக் குளிர்ச்சியில் படிந்து, காயாத வார்னிஷுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. நாற்காலிக்கு நடப்பதுதான் அரிசியளவு ஃப்ளை தலைக்கும் நடக்கிறது.

இப்போது மழைக்காலத்தில் மரப்பெட்டி ஒன்றில் குண்டு பல்பை அரை மணி நேரம் எரியவிட்டு உள்காற்றை உலர்த்துகிறேன். பல்பை அணைத்து வெளியே எடுத்தபிறகுதான் வார்னிஷ் வைத்த ஃப்ளைகளை உள்ளே வைப்பேன். எரிகிற பல்புக்குப் பக்கத்தில் தின்னரை வைக்காதீர்கள், ஆவியே பற்றிக்கொள்ளும். ஏற்கெனவே வெளுத்ததைத் தூக்கிப்போட வேண்டாம். வெயில் அடிக்கிற நாளில் தின்னரை மட்டும் மெல்லிசாக ஒரு தடவை தொட்டு வைத்தால், வார்னிஷ் மறுபடி இளகித் தெளிந்து காயும்.

போடிமெட்டுக்காரன்:

அண்ணே, எனக்கு வார்னிஷ் காயும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை, அதனால் சூப்பர் குளூ பக்கம் போனேன். முதல் தடவை டியூபிலிருந்து நேராக ஒரு சொட்டு விட்டேன். கண்ணெதிரே அது சேவல் இறகின் இழை வழியாக ஏறி, இழைகள் எல்லாம் ஈர்க்குச்சி மாதிரி விறைத்துவிட்டன. அந்த ஃப்ளை தண்ணீரில் மிதக்கவே இல்லை, குப்புற விழுந்து கிடந்தது. அடுத்து கட்டியதை எல்லாம் உடனே டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். காலையில் கறுப்பு ஃப்ளை பூராவும் சாம்பல் தூவியது போல வெள்ளைப் படலம். பசையின் ஆவி மூடிய டப்பாவுக்குள் சுற்றி இறகில் படிந்திருக்கிறது. காற்றாட வைத்தால் இது வராது.

ஆனாலும் அதை விடவில்லை. இப்போது ஃப்ளை மேல் வைப்பதில்லை, நூலில் வைக்கிறேன். கடைசி முடிச்சுப் போடுவதற்கு முன்னால் நூலில் ஓர் அங்குலத்துக்குப் பசையைத் தடவி, அந்த நூலாலேயே முடிச்சைச் சுற்றி இறுக்கினால் பசை முடிச்சுக்குள்ளேயே போய் உட்காருகிறது. மயில் இழை சுற்றும் முன் முள்ளின் தண்டிலும் மெல்லிசாகத் தடவுவேன். இழை ஓர் இடத்தில் அறுந்தாலும் முழுதும் அவிழாது. ஈரம் பட்டுத்தான் இந்தப் பசை இறுகும் என்பதால் உங்கள் மூணாறு மழை இதற்கு எதிரி இல்லை, பாட்டிலுக்குத்தான் எதிரி. மூடியை இறுக்கி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். பருத்தித் துணியால் மட்டும் துடைக்காதீர்கள். பருத்தியில் ஊறினால் கை சுடுகிற அளவுக்குச் சூடேறும்.

தேவிகுளம் டீச்சர்:

வளையல் கடையில் விற்கிற நிறமில்லாத நகப்பூச்சுதான் என் வார்னிஷ். வார்னிஷுக்கும் இதற்கும் அடிப்படை பெரும்பாலும் ஒன்றுதான், நைட்ரோசெல்லுலோஸ். தூரிகையும் கூடவே வருகிறது. பாட்டில் பாதியானதும் கெட்டியாகும். அப்போது ரிமூவரை ஊற்றாதீர்கள் தம்பி. பல ரிமூவர்களில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்திருக்கும், பூச்சு சரியாக இறுகாது. நகப்பூச்சுக்கென்று விற்கிற தின்னர் இரண்டு சொட்டு போதும்.

நான் சொல்ல வந்தது பட்டு நூல் விஷயம். புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுகிற நூலில் ஆரஞ்சு நிறத்தை எடுத்து உடம்பு சுற்றினேன். அவ்வளவு அழகு. பாதுகாப்புக்கு மேலே ஒரு கோட் பூசினேன். ஒரு நிமிடத்தில் நூல் கண்ணாடி போல ஆகி, அடியில் இருக்கிற முள்ளின் கறுப்பு தெரிந்து, எல்லாம் பழுப்பாகிவிட்டது. அழுகையே வந்தது. இப்போது முள்ளின் தண்டுக்கு முதலில் வெள்ளை எனாமல் பெயின்ட் அடித்துக் காயவிட்டு, அதன்மேல் பட்டைச் சுற்றுகிறேன். பூசினாலும் ஆரஞ்சு ஆரஞ்சாகவே நிற்கிறது. புது நூல் எதுவானாலும் ஒரு துண்டை வெறும் முள்ளில் சுற்றி, பூசிப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

மறையூர் வெல்லம்:

இரண்டு டியூபைக் கலந்து இறுக வைக்கிற பசையான எபாக்சி பற்றி நான் சொல்கிறேன். ஜனவரியில் மூணாறு சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தபோது, புல்லில் உறைபனி கிடந்த ஒரு காலையில் கலந்தேன். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை, மதியம்வரை தேன் மாதிரி வழிந்துகொண்டே இருந்தது. தலை முழுக்க ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. குளிரில் இரண்டு டியூபையும் மூடியோடு வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துவிட்டுக் கலக்க வேண்டும். அளவு சரிசமமாக இருக்க வேண்டும். கடினப்படுத்துகிற டியூபைக் கொஞ்சம் கூடுதலாக விட்டால் சீக்கிரம் இறுகும் என்பது தப்பு, பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். இறுகும்வரை ஃப்ளையைத் திருப்பிக்கொண்டே இருங்கள்.

புற ஊதா வெளிச்சம் பட்டால் இறுகுகிற யூவி ரெசினும் வாங்கினேன். விளக்கைக் காட்டினால் சில நொடிகளில் கல்லாகிறது. கறுப்பு நூல் தலைக்கு மட்டும் அதை நம்பாதீர்கள். வெளிச்சம் நூலுக்குள் போகாது, அதனால் உள்ளே ஊறியது இறுகாமல் ஈரமாகவே இருக்கும். மேலே கொஞ்சம் ஒட்டினால் பயப்பட வேண்டாம், காற்று படுகிற பரப்பு அப்படித்தான் இருக்கும். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும். பாட்டிலை ஜன்னலோரம் வைக்காதீர்கள். என் பாட்டிலின் மூக்கு வெயிலிலேயே அடைத்துப்போனது.

நல்லதண்ணி, மூணாறு:

டீச்சர், வெள்ளை எனாமல் யோசனைக்கு ரொம்ப நன்றி. இன்றே அடித்து வைத்துவிட்டேன்.

ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார், காட்டுக்கோழிக் கழுத்து இறகு கிடைக்குமா என்று. நம் மலையில் கூவுகிற சாம்பல் காட்டுக்கோழியின் இறகில்தான் அந்த மெழுகு போன்ற பொட்டு இருக்கிறது. சால்மன் மீனுக்கான பழைய ஃப்ளைகளில் அதைக் கண்ணாக வைத்துக் கட்டுவார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற பறவை அது. அதைப் பிடிக்கவும் கூடாது, இறகை வாங்கவும் கூடாது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் தரமாட்டேன். காலையில் தேயிலைக்குள் அது குரல் கொடுப்பதைக் கேட்டு வளர்ந்தவன்.

அதற்கு மாற்று இருக்கிறது. கினிக்கோழியின் புள்ளி இறகை எடுங்கள். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனை, இறகின் பின்பக்கம் விரலால் ஒரே இழுப்பில் மெல்லிசாகத் தடவுங்கள். ரப்பர் என்பதால் காய்ந்தபின்னும் வளையும், மீன் கடித்தாலும் இறகு பிளக்காது. காய்ந்தபின் முன்பக்கம் புள்ளிமேல் மட்டும் தேன் நிற எனாமலில் ஒரு சொட்டு. ஓரம் சற்று உப்பி நிற்கும்படி விட்டு, தட்டையாகக் கிடத்திக் காயவையுங்கள். தொங்கவிட்டால் பொட்டு கண்ணீர்த் துளி மாதிரி வழிந்துவிடும்.

மறையூர்க்காரரே, ஆசாரி எனக்குக் கொஞ்சம் அரக்குச் செதில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, பாட்டிலில் தேதி எழுதி வைத்திருக்கிறேன். கரைத்து மாதக்கணக்கில் வைத்தால் சரியாக இறுகாது, ஒட்டிக்கொண்டே இருக்கும் என்று எச்சரித்தார். முதல் ஃப்ளை ஞாயிற்றுக்கிழமை ஓடையில் இறங்குகிறது. அதன் தலை எப்படி இருக்கிறது என்று திங்கள் காலையில் இங்கே எழுதுகிறேன்.