தோராவையும் யூதப் பண்டிகைகளையும் வீடியோ பார்த்துக் கற்பது: எந்த வரிசையில்?

கேள்வி

வணக்கம். பதினோரு வருடமாக ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதக் கதைகள் சொல்லித் தருகிறேன். ஆதியாகமம் முதல் உபாகமம் வரை ஐந்து புத்தகங்களும் எனக்கு நன்றாகப் பழக்கம். அவற்றையே யூதர்கள் தங்கள் தோராவாக எப்படிப் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்து, ஒரு வருடமாக இரவில் வீடியோ பார்க்கிறேன். இரண்டு நோட்டு எழுதி முடித்துவிட்டேன். ஆனாலும் மனதில் எதுவும் கோவையாக நிற்கவில்லை. பஸ்கா பற்றி ஒன்று பார்த்தால், அடுத்துத் தானாக ஓடுவது கூடாரப் பண்டிகை, அதற்கடுத்து ஆபிரகாம்.

2022 மே மாதத்தில் போட்ட இரண்டு பழைய வீடியோக்களைப் பார்த்தேன். இரண்டுக்கும் ஒரே வாரம், ஆனால் ஆளுக்கொரு பகுதியை விளக்குகிறார்கள். தேதியும் குழப்புகிறது. போன வருடம் பஸ்கா ஏப்ரல் 13 என்று குறித்துவைத்து, பஸ்கா தொடங்கும் இரவில் நடக்கும் செதேர் விருந்தை நேரலையாகக் காட்டும் ஒரு ஜெப ஆலயத்தின் பக்கத்தை அன்று மாலை ஆவலோடு திறந்தேன். அவர்கள் முந்தின நாள் மாலையே நடத்தி முடித்திருந்தார்கள். அன்றைக்கு எனக்கு மனசே சரியில்லை.

எந்த வரிசையில் பார்ப்பது? எபிரெயு தெரியாமல் இது முடியுமா?

பதில் 1

ஒன்பது வருடமாக வாரம் தவறாமல் இதைச் செய்துவருகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வரிசையை நீங்கள் உண்டாக்க வேண்டியதில்லை. அது ஏற்கெனவே இருக்கிறது. தோராவை 54 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பகுதிக்கு பராஷா என்று பெயர். வாரம் ஒன்று, சில வாரம் இரண்டு சேர்த்து, ஒரு வருடத்தில் வாசித்து முடிப்பார்கள். சிம்ஹத் தோரா என்ற பண்டிகை அன்று உபாகமத்தின் கடைசி வரியை வாசித்த கையோடு ஆதியாகமத்தின் முதல் வரியைத் தொடங்குவார்கள். யூத ஆசிரியர்களின் வீடியோக்களில் பெரும்பாலானவை இந்த ஓட்டத்தில் வருபவைதான். நீங்கள் அதைத் துண்டு துண்டாகப் பிடித்ததால்தான் சிதறித் தெரிகிறது. இனி தானாக ஓடும் வசதியை அணைத்துவிட்டு, 'இந்த வாரப் பராஷா' என்று மட்டும் தேடுங்கள்.

2022 குழப்பத்துக்குக் காரணம் எளிது. இஸ்ரேலில் பஸ்கா ஏழு நாள், வெளிநாடுகளில் பெரும்பாலான சமூகங்களுக்கு எட்டு நாள். அந்த வருடம் எட்டாம் நாள் சனிக்கிழமையில் விழுந்தது. வெளிநாட்டில் அன்று பண்டிகைப் பகுதியை வாசித்தார்கள், இஸ்ரேலில் அடுத்த பராஷாவுக்குப் போய்விட்டார்கள். அந்த ஒரு வார இடைவெளி சில மாதங்கள் நீடித்தது. ஆக, உங்கள் ஆசிரியர்கள் இருவருமே சரி.

செதேர் விஷயத்துக்கு வருகிறேன். யூத நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. 'சாயங்காலமும் விடியற்காலமுமாகி முதலாம் நாள் ஆயிற்று' என்று நீங்களே பிள்ளைகளுக்கு வாசித்திருப்பீர்கள். அதே கணக்குதான். காலண்டரில் ஏப்ரல் 13 என்றிருந்தால் 12 மாலையிலேயே தொடங்கிவிடும். இந்த வருடம், 2026இல், ஏப்ரல் 1 மாலை. இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் சொல்ல விரும்புவது: வீடியோவுக்கு முன்னால் அந்த அதிகாரங்களை நீங்களே வாசியுங்கள். உங்களை எது இடறுகிறதோ அதைக் கேள்வியாக எழுதி வையுங்கள். அப்புறம் வீடியோவைப் போடுங்கள். ஆசிரியர் அதே இடத்தில் நிற்கும்போது கிடைக்கும் சந்தோஷம் தனி. செஃபாரியா என்ற தளத்தில் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் பக்கத்துப் பக்கமாக இலவசமாகக் கிடைக்கின்றன, ராஷியின் உரையும் உண்டு. ராஷி பதினோராம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்தவர். யூதப் பிள்ளைகள் இன்றும் அவர் வழியாகத்தான் தோராவுக்குள் நுழைகிறார்கள்.

பதில் 2

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்றைச் சேர்க்கிறேன்: பேசுபவர் யார் என்று பாருங்கள். லேவியராகமம் 23ஐ வைத்து ஏழு பண்டிகைகள் என்று விளக்கும் வீடியோக்களில் நிறைய, கிறிஸ்தவ ஊழியர்கள் இயேசுவை மையமாக வைத்துச் செய்பவை. அது அவர்களுடைய விசுவாசம், அதற்கு அதற்குரிய மரியாதை உண்டு. ஆனால் நீங்கள் தேடுவது யூதர்களின் வாசிப்பை. ரபி ஜொனாதன் சாக்ஸ் 2020இல் காலமானார், அவருடைய வாராந்தரப் பேச்சுகள் இன்னும் கிடைக்கின்றன. ரபி டேவிட் ஃபோர்மனின் ஆலெஃப் பேட்டா வீடியோக்கள் படம் வரைந்து விளக்குபவை.

பண்டிகைகளுக்கும் முதலில் மூலத்தை வாசிக்கும் பழக்கம் உதவும். ஷாவுஓத், அதாவது பெந்தெகொஸ்தே நாள், சீனாய் மலையில் தோரா அருளப்பட்ட நாள் என்று எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். தோராவில் தேடிப்பாருங்கள், அங்கே அது அறுவடைப் பண்டிகை மட்டுமே. சீனாய் மலையோடு அதை இணைத்தது பின்வந்த ரபிமார்களின் மரபு. ஹனுக்கா என்ற பண்டிகையோ தோராவில் கிடையவே கிடையாது.

யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவில் ஊதும் ஷோஃபார் கொம்பை நேரில் கேட்டால்தான் யூதர்களுக்குக் கடமை நிறைவேறும். குழிக்குள் ஊதினால் கொம்பின் ஒலியைக் கேட்டவனுக்குச் சரி, எதிரொலியை மட்டும் கேட்டவனுக்குப் போதாது என்று மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. கற்றுக்கொள்பவருக்கு அந்தத் தடை இல்லை, வீடியோவிலேயே கேளுங்கள்.

பதில் 3

எபிரெயு பற்றி யாரும் சொல்லவில்லையே. 22 எழுத்துகள்தான் சகோதரி. மொழி வராவிட்டாலும் எழுத்து தெரிந்தால் போதும், கையால் எழுதிய தோராச் சுருளைக் காட்டும் வீடியோக்கள் வேறு மாதிரி தெரியும்.

லேவியராகமத்தின் முதல் சொல் 'வயிக்ரா', 'கூப்பிட்டார்' என்று அர்த்தம். அந்தப் புத்தகத்துக்கு யூதர்கள் வைத்திருக்கும் பெயரும் அதுதான். ஒரு வீடியோவில் ஆசிரியர் சுருளின் மேல் வெள்ளிக் குச்சியை வைத்து அந்தச் சொல்லின் கடைசி எழுத்தைக் காட்டினார். மற்ற நான்கும் ஒரே உயரம். கடைசி அலெஃப் மட்டும் பாதி அளவில், பெரியவர்கள் நடுவில் நிற்கும் குழந்தை மாதிரி. ஒவ்வொரு சுருளிலும் இப்படித்தான் எழுத வேண்டும். அந்த அலெஃப் இல்லாவிட்டால் சொல் 'வயிக்கர்' ஆகிவிடும், 'எதிர்ப்பட்டார்' என்று அர்த்தம் மாறும். எண்ணாகமம் 23இல் பிலேயாமுக்குக் கடவுள் எதிர்ப்படும் இடத்தில் வரும் சொல் அது. தன்னைக் கடவுள் பெயர் சொல்லி அழைத்தார் என்று எழுதக் கூசி, தற்செயலாக எதிர்ப்பட்டது போலவே மோசே எழுத நினைத்தார், அதனால்தான் அலெஃப் சிறுத்தது என்பது ஒரு விளக்கம். எத்தனையோ தடவை தமிழில் வாசித்த வசனம்தான், எனக்கு இது தெரியவே தெரியாது.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. இந்த வாரப் பராஷா எது என்று தேடினேன். வயிக்ராவேதான்! முதல் அதிகாரத்தை வாசித்துவிட்டு, சுருளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்து தெரியாத எனக்கே அந்தச் சின்ன அலெஃப் உடனே கண்ணில் பட்டது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் அப்படியே எழுதிக் காட்டப்போகிறேன், இன்று இரவு எழுதிப் பழக வேண்டும். ஏப்ரல் 1 மாலையையும் குறித்துவிட்டேன்.