கட்டுநாயக்க அதிவேகப் பாதை: எங்கே ஏறி எங்கே இறங்குவது? ஏன் சதுப்புக்குள்ளால் போட்டவை?

வல்லையூரான்:
யாழ்ப்பாணத்திலிருந்து ஹையேஸ் வானில் புத்தளம் வழியாக வந்து, அம்மா அப்பாவைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறக்கிவிட்டு வெள்ளவத்தைக்குப் போகவேணும். அடுத்த கிழமை திரும்பவும் விமான நிலையம் வந்து, சொந்தக்காரரை ஏத்திக்கொண்டு நேரே காலிக்கு. மப் ஒருக்கா நீர்கொழும்பு வீதியைக் காட்டுது, ஒருக்கா அதிவேகப் பாதையைக் காட்டுது. இருபத்தைந்து கிலோமீற்றருக்குக் காசு குடுக்கிறது பெறுமதியோ? மற்றது, இவ்வளவு சின்னப் பாதை ஏன் இத்தனை வருசம் இழுபட்டது?

களனிக்கரை:
பெறுமதிதான், பகலில் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஏ-3 என்ற நீர்கொழும்பு வீதியில் சீதுவை, ஜா-எல, கந்தானை, மகாபாகை, வத்தளை என்று கடைத்தெருவுக்குப் பின்னால் கடைத்தெரு. அலுவலக நேரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விடும். ஈ-03 என்ற இந்த அதிவேகப் பாதை மொத்தம் 25.8 கிலோமீற்றர், உச்ச வேகம் 100. கணக்குப்படி பதினாறு நிமிடம், வாசல்களில் நிற்பதையும் சேர்த்தால் இருபது, இருபத்தைந்து. கட்டுநாயக்கவில் ஏறும்போது சிட்டை எடுங்கள், இறங்கும்போது காட்டிக் காசு கட்டுங்கள். சில்லறையாக வைத்திருந்தால் பின்னால் நிற்பவர் ஹோன் அடிக்கமாட்டார். ஓட்டோ, மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை.

உண்மையான சிக்கல் கொழும்பு முனையில்தான். முன்பு ஈ-03 இல் வந்த வாகனமெல்லாம் களனிப் பாலத்தடியில் கண்டி வீதி வாகனங்களோடும் நீர்கொழும்பு வீதி வாகனங்களோடும் முட்டி நிற்கும். பாதையில் மிச்சம்பிடித்த நேரம் அங்கே கரைந்துவிடும். 2021 நவம்பர் 24 இல் களனி ஆற்றுக்கு மேலால் புதிய கல்யாணி பாலம் திறந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. ஜப்பான் கடனுதவியில் கட்டியது, 380 மீற்றர் நீளம், ஆறு தடங்கள், கம்பிவடங்கள் தாங்கும் பாலம். அதற்கு அங்கால் உயர்பாதை இரண்டாகப் பிரியும்: ஒன்று ஒருகொடவத்தைக்கு, மற்றது இங்குறுகடைச் சந்திக்கும் துறைமுகப் பக்கத்துக்கும். பலகையைக் கண்டவுடனேயே தடத்தைப் பிடியுங்கள், கடைசி நேரத்தில் குறுக்கே வெட்ட முடியாது.

வெள்ளவத்தைக்கு ஒருகொடவத்தைக் கிளை. பேஸ்லைன் வீதியில் தெமட்டகொடை, பொரளை, நாரஹேன்பிட்டி தாண்டிக் கிருலப்பனை. அங்கே ஹைலெவல் வீதியில் வலப்பக்கம் திரும்பிப் பாமன்கடை, பிறகு டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை. தவறி இங்குறுகடைக்கு இறங்கினால் கொள்கலன் லொறிகளுக்கும் புறக்கோட்டைச் சனத்துக்கும் நடுவில் மாட்டுப்படுவீர்கள். இரவு பத்துக்குப் பிறகு மட்டும் அந்தப் பக்கம், காலிமுகத்திடல் வழியாக, சுகமாக இருக்கும்.

அத்திவாரம்:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஏ-3 இன் இரண்டு பக்கமும் வீடும் கடையுமாக நெருக்கிவிட்டதால் அதை அகலமாக்க வழி இல்லை. மேற்கே, வீதிக்கும் கடலுக்கும் இடையில், ஆளில்லாமல் கிடந்தது முத்துராஜவெல சதுப்பும் நீர்கொழும்புக் களப்பின் ஓரமும்தான். ஆட்களை எழுப்பும் செலவு குறைவு, மண்ணோடு மல்லுக்கட்டும் செலவு கூட.

முத்துராஜவெல ஒரு காலத்தில் நெல்வயல். ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய் வழியாக உப்புத்தண்ணீர் ஏறி வயல் கெட்டது. உப்பை வடியவிட ஆங்கிலேயர் 1802 இல் தொடங்கி ஹமில்டன் கால்வாயை வெட்டியும் நெல் திரும்பவில்லை. 1996 இல் சதுப்பின் வடபகுதி சரணாலயமானது.

அடியில் இருப்பது அழுகிய தாவரம் சேர்ந்த பீற் மண், பெரும்பங்கு தண்ணீர். அதன்மேல் மண்ணைக் கொட்டினால் தண்ணீர் பிதுங்கி நிலம் அமுங்கும். அது முடிந்த பிறகும் தாவர நார் மெல்ல மெல்ல நசிந்து வருசக்கணக்கில் இறங்கும். அவசரப்பட்டு ஒரேயடியாக உயர்த்தினால் கரை பக்கவாட்டில் சறுக்கிவிடும். அதனால் இப்படியான நிலத்தில் மெல்லிய மண்ணைத் தோண்டி மாற்றுவார்கள், அல்லது தண்ணீர் கெதியாக வெளியேற, நிலத்துக்குள் செங்குத்தாகப் பட்டை வடிவ வடிகால்களை இறக்கி, தேவைக்கு அதிகமான மண்ணைப் படிப்படியாக ஏற்றி, அமுங்கும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, மிகுதியை வழித்தெடுப்பார்கள். பாலம் ஆழத்துக்கு இறக்கிய முளைக்கம்பத்தில் நிற்பதால் இறங்காது, கரை இறங்கும். தண்டுகம் ஓயா போன்ற பாலங்களில் ஏறும்போது ஒரு சின்னத் தூக்கல் தெரிந்தால் காரணம் அதுதான்.

இழுபட்டதற்கு மண்ணை மட்டும் குறைசொல்ல முடியாது. 2000களின் தொடக்கத்தில் தென் கொரிய நிறுவனம் ஒன்று கையிலெடுத்த வேலை பாதியில் நின்றது. 2009 இல் சீன எக்சிம் வங்கிக் கடனோடு சீன நிறுவனம் திரும்பத் தொடங்கி, 2013 ஒக்டோபர் 27 இல் திறந்தது. தெற்கு அதிவேகப் பாதைக்கு அடுத்ததாக, நாட்டின் இரண்டாவது.

மாக்கும்புர:
காலிப் பயணத்துக்குக் கொழும்பே வேண்டாம். கட்டுநாயக்கவில் ஏறி, ஜா-எல தாண்டி, கெரவலப்பிட்டியில் ஈ-02 வெளிச்சுற்றுப் பாதைக்கு மாறுங்கள். கடவத்தை, கடுவெல, அத்துருகிரிய, கொட்டாவை, அங்கிருந்து ஈ-01 என்ற தெற்கு அதிவேகப் பாதையில் காலி. கெரவலப்பிட்டி–கடவத்தைத் துண்டு 2019 நவம்பரில்தான் திறந்தது, பழைய மப் வைத்திருப்பவர்களுக்கு அது தெரியாது. திரும்பும் இடத்தைத் தவறவிட்டால் நடுவில் யூ அடிக்க வழியில்லை, பேலியகொடைக்கே போகவேணும்.

வல்லையூரான்:
நன்றி அண்ணாமார். நடுவில் டீசல், சாப்பாடு கிடைக்குமோ? கூரையில் பெட்டியும் ஏத்துவம்.

களனிக்கரை:
ஈ-03 இல் இரண்டுமே இல்லை. நீர்கொழும்பிலேயே நிரப்புங்கள். காலிக்குப் போகிறபோது ஈ-01 இல் வெலிபென்னவில் நிறுத்திச் சாப்பிடலாம்.

பெட்டி ஏத்தினால் ரயரைப் பாருங்கள். காத்துக் குறைவாக, பாரம் கூடவாக 100 இல் ஓடினால் ரயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடாகி வெடிக்கும். சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் முழுப் பாரத்துக்கான அளவு இருக்கும், அந்த அளவுக்கு அடியுங்கள், அதுவும் யாழ்ப்பாணத்தில் வெளிக்கிட முதல், ரயர் ஆறியிருக்கும்போது. ஓடிவந்த சூட்டில் அளந்தால் கூடக் காட்டும், அதைப் பார்த்துக் காத்தைத் திறந்துவிடாதீர்கள். பழுதானால் இடப்பக்க ஓரத்தில் ஒதுக்கி, ஆட்களை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டு 1969 க்கு அடியுங்கள்.