"சொன்னா போனைப் பிடுங்கிட மாட்டல்லம்மா?"

பதின்ம வயதுப் பிள்ளைகளும் சமூக வலைதளமும்: உங்கள் அனுபவம் என்ன?

பதினைந்து வயது மகனின் அம்மா

இதை எழுத எனக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. மகனிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகே எழுதுகிறேன்.

இரவு இரண்டு மணி இருக்கும், தண்ணீர் குடிக்க எழுந்தேன். குளியலறையில் விளக்கு எரியவில்லை, ஆனால் கதவுக்கு அடியில் நீலமாக ஒரு வெளிச்சம். தட்டினேன். "வயிறு சரியில்லம்மா" என்றான். குரல்தான் சரியில்லை. கதவைத் திறந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தான். தொடைமேல் கவிழ்த்து வைத்திருந்த போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அவன் முதலில் கேட்டது: "சொன்னா போனைப் பிடுங்கிட மாட்டல்லம்மா?"

இன்ஸ்டாகிராமில் அவன் வயதுப் பெண் என்று ஒரு கணக்கு. அவன் வகுப்பில் மூன்று பேர் ஏற்கெனவே அதைப் பின்தொடர்ந்ததால் இவனும் நம்பிவிட்டான். இரண்டே நாளில் பேச்சு வேறு ஆப்புக்கு மாறியது. அந்தப் பக்கமிருந்து ஒரு அந்தரங்கப் படம் வந்தது, பதிலுக்கு இவனுடையதைக் கேட்டார்கள். அனுப்பிய சில நிமிடங்களில் அவன் படத்தையும் நண்பர்கள் பட்டியலையும் ஒட்டி ஒரே ஸ்கிரீன்ஷாட். பணம் அனுப்பு, ஒரு மணி நேரம்தான், ஐம்பது நிமிடம்தான் என்று மிரட்டல். இதெல்லாம் ஆரம்பித்தது இரவு பத்து மணிக்கு. நான்கு மணி நேரம் அந்தப் பிள்ளை தனியாகத் தவித்திருக்கிறான். காரணம் நான். முந்தைய வருடம் மார்க் குறைந்தபோது ஒரு மாதம் போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டியவள் நான்தான்.

நாங்கள் பணம் கொடுக்கவில்லை. கொடுத்தால் அடுத்த தொகை கேட்பார்கள். உரையாடலை அழிக்கவும் விடவில்லை. எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தக் கணக்கின் முகவரியையும் குறித்துக்கொண்டு, ரிப்போர்ட் செய்து, அப்புறம்தான் பிளாக் செய்தோம். காலையில் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தோம்.

'டேக் இட் டவுன்' பற்றி எல்லாப் பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அமெரிக்காவின் தேசிய மையம் நடத்தும் இலவசச் சேவை அது. 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படமாக இருக்க வேண்டும். படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். நம் கருவியிலேயே அந்தப் படத்துக்குக் கைரேகை மாதிரி ஒரு எண் உருவாகிறது, அந்த எண் மட்டும்தான் போகிறது. இதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தேடி நீக்குகின்றன. பெயர்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

வேறு இரண்டு கணக்குகளிலிருந்தும் மிரட்டினார்கள். பதில் போகவில்லை, நின்றுவிட்டார்கள். இந்த மோசடியில் அதிகம் சிக்குவது 14 முதல் 17 வயதுப் பையன்கள் என்று எஃப்பிஐ எச்சரித்திருப்பதைப் பிறகுதான் படித்தேன். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள்தான் பயப்பட வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

கணக்கை மூடச் சொல்லவில்லை. நிலாவைப் படம் எடுப்பது அவனுக்கு உயிர். நூறு படங்களை ஒன்றாக அடுக்கி, பள்ளங்கள் தெளிவாகத் தெரிகிற ஒரே படமாக்க அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அங்கே இருக்கும் ஒரு குழு. பள்ளியில் இதைப் பேச அவனுக்கு ஒருவர்கூட இல்லை.

கல்லூரி மாணவி

அக்கா, படித்ததும் அழுகை வந்துவிட்டது. என்னை யாரும் மிரட்டவில்லை, என் ஃபீடே போதுமானதாக இருந்தது. பதினான்கு வயதில் ஓர் உடற்பயிற்சி வீடியோவைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். லைக்கூடப் போடவில்லை. எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதையும் ஆப் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று அப்போது தெரியாது. ஒரு வாரத்தில் திரை முழுக்க இடுப்பளவும், சாப்பிடாமல் இருப்பது எப்படி என்பதும்தான். மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவர ஆரம்பித்தேன். தங்கள் உடலைப் பற்றி மோசமாக உணர்ந்த பதின்ம வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கியது என்று சொன்னதாக அந்த நிறுவனத்தின் உள் ஆய்வே 2021-இல் வெளியே வந்தது. அந்த வரியைப் படித்தபோதுதான், கோளாறு என்னிடம் இல்லை என்று முதல்முறையாகத் தோன்றியது.

ஆனால் இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். எனக்குத் திக்கும். அதே வயதில், அதே போனில், திக்கிக்கொண்டே பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசிய ஒரு பெண்ணைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை, அவசரப்படவும் இல்லை. அடுத்த வாரம் வகுப்பில் கை தூக்கினேன்.

பள்ளி ஆசிரியர்

அம்மா, மகன் கணக்கில் பிறந்த வருடம் என்னவென்று பார்த்தீர்களா? 2024 செப்டம்பரில் அறிமுகமான இன்ஸ்டாகிராமின் பதின்மர் கணக்கு, அனுமதி பெற்றவர்கள் மட்டும் பார்க்கும்படி தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பிள்ளைகள் பின்தொடராதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. ஆனால் 13 வயது நிபந்தனையைத் தாண்ட, என் மாணவர்கள் பலர் சின்ன வயதிலேயே வருடத்தை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். ஆப் அவர்களைப் பெரியவர்களாகவே நடத்தும், அந்தப் பாதுகாப்பு எதுவும் வராது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குள் கணக்கே கூடாது என்று சொல்லிவிட்டது. எங்கள் ஆசிரியர் அறையில் அதைப் பற்றி நாள்தோறும் விவாதம்தான். எனக்கு இந்தப் பிறந்த வருட விஷயம்தான் முதலில் கவலை.

பதினைந்து வயது மகனின் அம்மா

சார், படித்ததும் அவனைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னேன். பதினொரு வயதில் தொடங்கிய கணக்கு, அப்போது பதினைந்து என்று போட்டிருக்கிறான். ஆப்பின் கணக்கில் என் பிள்ளைக்கு இன்று பத்தொன்பது. பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான், இருவருமாக மாற்றிக்கொண்டிருக்கிறோம்.