கார் பழுதுக்குச் செலவிட்ட பணத்தைக் கிளாஸ் ஆக்‌ஷன் சமரசத்தின் மூலம் திரும்பப் பெற முடியுமா?

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி)

அனைவருக்கும் வணக்கம். நான் வைத்திருந்த காரின் டிரான்ஸ்மிஷன், வாரண்டி முடிந்த சில மாதங்களிலேயே பழுதாகிவிட்டது. டீலர் கைவிரித்துவிட்டதால், வெளியிலுள்ள ஒரு மெக்கானிக் கடையில் மூவாயிரம் டாலருக்கு மேல் கொடுத்து மாற்றினேன். பிறகு காரையும் விற்றுவிட்டேன். இப்போது அந்த மாடல் தொடர்பாக, பாதிக்கப்பட்ட அனைவரின் சார்பிலும் கூட்டாகத் தொடுக்கப்பட்ட கிளாஸ் ஆக்‌ஷன் வழக்கில் சமரசம் ஏற்பட்டிருப்பதாகவும், நானும் அதில் இழப்பீடு கோரத் தகுதியுள்ளவன் என்றும் ஓர் அஞ்சலட்டை வந்திருக்கிறது. நான் எந்த வழக்கறிஞரையும் அமர்த்தியதில்லை, எந்தத் தாளிலும் கையெழுத்திட்டதில்லை. இதை நம்பலாமா? காரை விற்றுவிட்டவருக்கும் பணம் கிடைக்குமா? கடை ரசீது இப்போது கையில் இல்லை என்பதும் கவலையாக இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் (டாலஸ், டெக்சஸ்)

வணக்கம். தயவுசெய்து அந்த அட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நீங்கள் கையெழுத்திடாமலேயே இவ்வழக்கில் இடம்பெற்றிருப்பதில் வியப்பில்லை. இழப்பீடு கோரும் கூட்டு வழக்குகளில், கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதி 23-இன்படி, நீதிமன்றம் வரையறுத்த பிரிவுக்குள் வரும் அனைவரும் தாமாகவே அதில் சேர்ந்தவர்களாகக் கருதப்படுவார்கள். விலக விரும்புபவர்தான் குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் விலக வேண்டும். வாகனப் பதிவு விவரங்களைக் கொண்டு முந்தைய உரிமையாளர்களின் முகவரியையும் கண்டுபிடித்து அறிவிப்பு அனுப்புவார்கள்.

ஆயினும் உங்கள் ஐயம் நியாயமானதே. அட்டையிலுள்ள இணைய முகவரியை உடனே திறக்காமல், அதில் அச்சிட்டுள்ள நீதிமன்றத்தின் பெயரையும் வழக்கு எண்ணையும் தனியாகத் தேடிச் சரிபாருங்கள். உண்மையான சமரசத்தில் கோரிக்கை மனு அளிப்பதற்குக் கட்டணம் கிடையாது. முன்பணம் அனுப்பச் சொன்னாலோ, வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டாலோ அது மோசடிதான்.

பலரும் கவனிக்கத் தவறுவது இன்னொன்று. ஒன்றும் செய்யாமல் இருந்தால் எதையும் இழக்கப்போவதில்லை என்று நம்மவர்களில் பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. மனுவும் அளிக்காமல், விலகவும் செய்யாமல் இருப்பவர், செலவிட்ட பணத்தையும் பெறமாட்டார், அதே குறைபாட்டுக்காக அந்நிறுவனத்தின் மீது தனியாக வழக்குத் தொடுக்கும் உரிமையையும் இழந்துவிடுவார். நீட்டிக்கப்பட்ட வாரண்டி போன்ற சில பலன்கள் மட்டுமே கேட்காமல் வந்து சேரும். காரை விற்றுவிட்ட உங்களுக்கு அதனால் பயனில்லை.

விற்றவருக்குப் பணம் உண்டா என்பதை, அறிவிப்பின் முழு வடிவத்தில் தகுதியுள்ளோரை எப்படி வரையறுத்திருக்கிறார்கள் என்பதுதான் முடிவுசெய்யும். ஃபோக்ஸ்வாகன் டீசல் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 4,75,000 கார்கள் தொடர்பான அச்சமரசத்துக்கு, சான் பிரான்சிஸ்கோ நீதிபதி சார்லஸ் பிரேயர் 2016 அக்டோபர் 25 அன்று இறுதி ஒப்புதல் அளித்தார். கார் உரிமையாளர்கள் 2018 செப்டம்பர் 1 வரை மனு அளிக்க முடிந்தது. ஆனால், மாசுச் சோதனையை நிறுவனம் ஏமாற்றிய மோசடி வெளிப்பட்ட 2015 செப்டம்பர் 18 அன்று காரை வைத்திருந்து பின்னர் விற்றவர்கள், தாங்கள் யார் என்பதை 2016 செப்டம்பர் 16-க்குள்ளாகவே தெரிவித்திருக்க வேண்டும். அதாவது, நீதிபதியின் இறுதி ஒப்புதல் வரட்டும் என்று காத்திருந்த, காரை விற்றுவிட்ட முன்னாள் உரிமையாளர்களுக்கு வாசல் அடைபட்டுவிட்டது. ஆகவே உங்கள் அறிவிப்பில் முன்னாள் உரிமையாளருக்கென்று தனிக் கெடு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

பதில் (ஃப்ரீமான்ட், கலிபோர்னியா)

ரசீது பற்றிச் சொல்கிறேன். பழுது பார்த்த கடையைக் கூப்பிட்டு, உங்கள் பெயரையும் வின் எண்ணையும் (காரின் தனி அடையாள எண்) சொல்லிப் பழைய பில்லின் நகலைக் கேளுங்கள். பெரும்பாலான கடைகள் அவற்றைக் கணினியில் வைத்திருக்கின்றன. பழுது பார்த்த தேதி, அன்றைய மைல் கணக்கு, என்ன பாகம் மாற்றப்பட்டது, எவ்வளவு தொகை ஆகியவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். பணம் கொடுத்ததற்கான சான்றைத் தனியாகக் கேட்பதும் உண்டு. கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டை வங்கியிலிருந்து பெறலாம்.

மைல் கணக்கை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நிஸான் நிறுவனத்தின் சிவிடி (ஒருவகைத் தானியங்கி) டிரான்ஸ்மிஷன் தொடர்பான சமரசங்களில், 60 மாதம் அல்லது 60,000 மைல் என்றிருந்த வாரண்டி, 84 மாதம் அல்லது 84,000 மைல் என நீட்டிக்கப்பட்டது. அந்த இடைவெளிக்குள் சொந்தப் பணத்தில் பழுது பார்த்தவர்கள் அதைத் திரும்பக் கோர முடிந்தது. இத்தகைய சமரசத்தில் பில்லில் மைல் எண் விடுபட்டிருந்தால், செலவு எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் மனு ஏற்கப்படாமல் போகலாம். வெளிக் கடையில் செய்த வேலைக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்களா என்பதையும் படித்துப் பாருங்கள். ஆவணம் குறைவதாகக் கடிதம் வந்தால், அதை நிராகரிப்பு என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். குறையைச் சரிசெய்யப் பெரும்பாலும் அவகாசம் தருவார்கள்.

கேட்டவர் (எடிசன்)

இருவருக்கும் மிக்க நன்றி. கடையிலிருந்து நகல் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சிறு ஐயம்: இந்தக் குறைபாட்டுக்கு ரீகால் எதுவும் அறிவிக்கப்படவில்லை என்பது என் மனுவைப் பாதிக்குமா?

பதில் (டாலஸ், டெக்சஸ்)

பாதிக்காது. ரீகால் என்பது தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மேற்பார்வையில், பாதுகாப்புக் குறைபாட்டை இலவசமாகச் சரிசெய்து தருவது. கூட்டு வழக்கு நீதிமன்ற வழியில் நடப்பது. ரீகால் இல்லாத குறைபாடுகளுக்கும் சமரசம் ஏற்படுவதுண்டு. பின்னாளில் ரீகால் அறிவிக்கப்பட்டாலும் அதற்கு முன்பு செய்த செலவைக் கேட்க இடமுண்டு. அதற்கென நிறுவனங்கள் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டின் ட்ரெட் (TREAD) எனப்படும் வாகனப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

மனு அளித்த பிறகு வீடு மாறினாலோ, ஊருக்கே திரும்பிவிட்டாலோ, மனுக்களைப் பரிசீலித்துப் பணம் வழங்கும் சமரச நிர்வாகிக்குப் புதிய முகவரியை எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். எதிர்ப்போ மேல்முறையீடோ வந்தால் பணம் கைக்கு வர நெடுநாள் ஆகலாம். வரும் காசோலையும் அதில் அச்சிட்ட தேதிக்குப் பிறகு செல்லாது.