மறு: 'பிரைவேட் ரயில்கார்' என்பதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இவ்விழையில் ஒரு வாரமாக வந்த மடல்களை ஒருசேர வைத்துப் படித்த பிறகு இதை எழுதுகிறேன். பழைய ரயில்பெட்டி ஒன்றில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கடலோரமாகச் சான்டா பார்பரா வரை சென்று மாலையில் திரும்பும் பயணத்தைப் பற்றிய கட்டுரையை மொழிபெயர்த்துவரும் அம்மையார், அந்தப் பெட்டியை எப்படி அழைப்பது என்று கேட்டிருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் அதே தடத்தில் அத்தகைய பெட்டியில் ஒரு நாள் போய்வந்தவன் நான். எனவே சொல்லுக்குள் போகுமுன் பொருளைக் கொஞ்சம் விளக்கிவிடுவது நல்லது என்று கருதுகிறேன். பொருள் கண்முன் நிற்காவிட்டால் எந்தச் சொல்லும் ஏறக்குறையப் பொருந்துவதுபோலவே தோன்றும்.

1971 மே 1ஆம் நாள் ஆம்ட்ராக் நிறுவனம் அமெரிக்காவின் நெடுந்தொலைவுப் பயணிகள் ரயில்களில் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொண்டது. அதுவரை சதர்ன் பசிபிக், சான்டா ஃபே போன்ற ரயில் நிறுவனங்கள் ஓட்டிவந்த படுக்கைப் பெட்டிகளும் உணவுப் பெட்டிகளும் அதிகாரிகளின் ஆய்வுப் பெட்டிகளும் அதன்பின் படிப்படியாக விற்பனைக்கு வந்தன. ரயில்மீது பற்றுக்கொண்ட தனிமனிதர்களும் சிறு நிறுவனங்களும் அருங்காட்சியகங்களும் அவற்றை வாங்கிச் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். அப்பெட்டிக்குச் சொந்த எஞ்சின் கிடையாது. ஆம்ட்ராக்கின் வழக்கமான ரயிலில், பெரும்பாலும் வால்புறத்தில், அதைக் கோத்துவிடுவார்கள். இழுத்துச் செல்லும் தொலைவுக்கு மைல் கணக்கில் உரிமையாளர் கட்டணம் செலுத்துவார். ஆக, ரயில் பொதுவானது, அதன் கடைசியில் போகும் ஒரு பெட்டி மட்டும் வேறொருவருடையது. நாம் தேடும் சொல் இந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெட்டியின் வயதையோ அதிலுள்ள வசதியையோ அதே சொல்லில் அடைக்க முயன்றதால்தான் இந்த இழை இவ்வளவு நீண்டது என்பது என் எண்ணம்.

இனி, வந்த சொற்களைப் பார்ப்போம்.

> 'ரயில்கார்' என்றே எழுதிவிடலாம், எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் வேறொன்றாகப் புரியும். அமெரிக்க வழக்கில் ரயிலில் கோத்த எந்தப் பெட்டியும் கார்தான். பிரித்தானிய வழக்கிலும் அதைப் பின்பற்றிய இந்திய வழக்கிலும் ரயில்கார் என்பது தன்னிடமே எஞ்சின் கொண்டு தானே ஓடும் வண்டி. எஞ்சினே இல்லாத ஒன்றுக்கு அந்தப் பெயரை வைத்தால், ரயில்வேயில் பணிபுரிந்த தமிழர் ஒருவர் படித்த மாத்திரத்தில் தடுமாறுவார். 'பெட்டி' என்ற சொல் நம் வாயில் நூறாண்டுக்கும் மேலாகப் பழகியது. அதை விட வேண்டியதில்லை. ஈழத்து நண்பர் 'புகையிரதப் பெட்டி' என்று எழுதினாலும் அடிச்சொல் இதுவேதான்.

'சலூன்' என்று இரண்டு நண்பர்கள் எழுதியிருந்தார்கள். இந்திய ரயில்வேயில் உயர் அதிகாரிகள் ஆய்வுக்குச் செல்லும் பெட்டிக்கு அதுவே பெயர் என்பதும், 2018இல் அத்தகைய பெட்டிகளைப் பொதுமக்களும் வாடகைக்கு எடுக்க வழிசெய்யப்பட்டது என்பதும் உண்மையே. ஆனால் தமிழ் வாசகருக்குச் சலூன் என்றால் முடிதிருத்தும் கடை. ரயில்வேக்காரர்களுக்குள் எழுதும் குறிப்பில் அச்சொல் இருக்கட்டும். பயணக் கட்டுரைக்கு ஆகாது.

'சொகுசுப் பெட்டி', 'மாளிகைப் பெட்டி' இரண்டும் உரிமையைவிட்டு வசதியைச் சொல்கின்றன. அமெரிக்காவில் படுக்கைப் பெட்டிகளால் பெயர்பெற்ற ஜார்ஜ் புல்மன் 1867இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரிலேயே மாளிகைப் பெட்டி என்ற தொடர் இருந்தது. ஆகவே அச்சொல்லை அதற்கே ஒதுக்கி வைப்போம். அவருடைய பெட்டிகள் பயணச்சீட்டு வாங்கிய எவரும் ஏறக்கூடியவை. மறுபக்கம், தனியொருவர் வாங்கி வைத்திருக்கும் பெட்டி மிக எளிய படுக்கைப் பெட்டியாகவும் இருக்கலாம்.

எனக்கு முதலில் பிடித்திருந்தது 'தனிப்பெட்டி'. சுருக்கமானது, ஓசையும் நன்று. ஆனால் 'பெண்களுக்கான தனிப்பெட்டி' என்று நாளேடுகள் எழுதும்போது ஒதுக்கப்பட்ட பெட்டி என்ற பொருள் அதில் ஏற்கெனவே குடியேறிவிட்டது. 'உடைமைப்பெட்டி' என்பதைப் பரிந்துரைத்த ஐயாவின் தருக்கம் சரியானதே; இருந்தாலும் நடைமேடையில் நின்று 'பயணிகள் தங்கள் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்' என்பதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது சாமான் ஏற்றும் பெட்டியாகத்தான் ஒலிக்கும். 'தனியுரிமைப் பெட்டி' என்பதோ, கைப்பேசிச் செயலிகள் வந்தபின் அந்தரங்கம் பற்றிய சொல்லாகிவிட்டது.

ஆகவே என் பரிந்துரை: தனியார் ரயில்பெட்டி; இடம் தெளிவாக இருக்கையில் தனியார் பெட்டி. புதிதாக எதையும் ஆக்காமல் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'தனியார் பேருந்து' என்று நாம் சொல்லும்போது சாலை பொது, பேருந்து ஒருவருடையது, பணம் கொடுத்தால் யாரும் ஏறலாம் என்பது முழுவதும் யாரும் விளக்காமலே புரிகிறது. இங்கும் பாதை, எஞ்சின், நேர அட்டவணை ஆகியவை மற்றவருடையவை; பெட்டி மட்டும் தனியாருடையது. 'தனியார் ரயில்' என்றால் தனியார்மயம் நினைவுக்கு வரும் என்ற அச்சம் சிலருக்கு இருக்கிறது. ரயில் என்பதோடு நிறுத்தாமல் பெட்டி என்று முடிப்பதே அந்த அச்சத்துக்கு மருந்து.

அடுத்து, பெட்டியின் பழைமையைச் சொல்லும் 'விண்டேஜ்'. திராட்சை எந்த ஆண்டில் பறிக்கப்பட்டது என்பதைக் குறிக்க மது வணிகத்தில் பிறந்த சொல் அது. தன் காலத்தின் முத்திரை மாறாமல் இன்றும் பயன்பாட்டில் இருப்பது என்பதே அதன் உட்பொருள். 'பாரம்பரிய' என்பது நீலகிரி மலை ரயிலைப் போல ஊரும் உலகமும் ஏற்றுக்கொண்ட சின்னத்துக்குரியது. 'தொன்மை' இங்கு மிகப் பெரிய சொல். 'முதுபெட்டி' என்பதைப் பாட்டி வீட்டுப் பரணிலிருந்து இறக்கியதாகத்தான் வாசகர் நினைப்பார். இதற்குக் கலைச்சொல்லே வேண்டாம் என்பேன். '1949இல் கட்டப்பட்ட தனியார் பெட்டி' என்று ஆண்டைச் சொல்லிவிடுவதே திராட்சைக்காரர்களின் வழிக்கும் நெருக்கமானது. ஆண்டு தெரியாத இடத்தில் 'பழைய' போதும். பழைய பாட்டு என்று சொல்லும்போது யாரும் இழிவாகச் சொல்வதில்லை.

உண்மையில் புதுச்சொல் தேவைப்படுவது பெட்டியின் உறுப்புகளுக்குத்தான். இதற்கு நான் போன நாளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1939இல் திறக்கப்பட்ட லாஸ் ஏஞ்சலஸ் யூனியன் நிலையத்தில் காலையில், பசிபிக் சர்ஃப்லைனர் ரயிலின் வாலில் இரண்டு பழைய பெட்டிகளைக் கோத்தார்கள். கொக்கி விழுந்த ஓசைக்குப் பிறகு, முழங்கை கனத்தில் இருந்த கருப்பு மின்வடங்களை ஒருவர் இரு கைகளாலும் தூக்கிப் பொருத்தினார். இப்பெட்டிகள் கட்டப்பட்ட காலத்தில் வெப்பத்துக்கு எஞ்சினின் நீராவியும், விளக்குக்குச் சக்கர அச்சில் சுழலும் மின்னாக்கியும் இருந்தன. இன்று எஞ்சினிலிருந்து 480 வோல்ட் மின்சாரம் ரயில் நெடுக வருவதால், அதற்கேற்ப உள்ளே எல்லாவற்றையும் மாற்றியமைத்தால்தான் ஆம்ட்ராக் ரயிலில் சேர்க்க முடியும். இதைக் குறிக்கும் 'ஹெட்-எண்ட் பவர்' என்ற தொடருக்கு 'எஞ்சின்வழி மின்சாரம்' என்று எழுதலாம்.

கடைசிப் பெட்டியின் பின்முனை மூடப்படாமல், கூரை நிழலில், இடுப்பளவு பித்தளைக் கம்பியோடு திறந்திருந்தது. நாலைந்து பேர் நிற்கலாம், இரண்டு நாற்காலி போடலாம். சாட்ஸ்வொர்த் தாண்டியதும், 1904இல் திறக்கப்பட்ட சான்டா சுசானா சுரங்கம் வருகிறது. இரண்டு கிலோமீட்டருக்கும் சற்று நீளமானது. அதற்குமுன் பணியாளர் எங்களை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார், டீசல் புகை உள்ளே வராமலிருக்க. பிறகு ஆக்ஸ்னார்ட் சமவெளியின் வயல்களும், வென்சுரா ஊரும் கடந்து கடல் இடப்பக்கம் வந்தது. சில இடங்களில் நெடுஞ்சாலை குறுக்கே வந்து மறைக்கும், மறுபடி விலகும். அலையின் ஈரம் படிந்து கம்பி மங்கியபோதெல்லாம் பணியாளர் ஒரு துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். தூரத்தில் எண்ணெய்க் கிணற்று மேடைகளும் அவற்றுக்கப்பால் தீவுகளும் தெரிந்தன. வீட்டுக்குள்ளும் இல்லாமல் தெருவிலும் இல்லாமல், போவோர் வருவோரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் அந்த இருப்புக்குத் தமிழில் ஒரே ஒரு சொல்தான் உண்டு: திண்ணை. எனவே 'ஓபன் பிளாட்ஃபார்ம்' என்பதற்குப் பின்திண்ணை என்பதை முன்மொழிகிறேன். 'திறந்த நடைமேடை' என்று அகராதியைப் பார்த்து எழுதினால், வாசகர் பயணியை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டுவிடுவார்.

மற்றப் பெட்டியின் கூரைமேல், ஆங்கிலத்தில் 'டோம்' எனப்படும் கண்ணாடியாலான எழுப்பம் இருந்தது. சில படி ஏறி உட்கார்ந்தால் ரயிலின் முதுகு முழுவதும் தெரியும். அமெரிக்காவில் இவ்வகை 1945இல் பர்லிங்டன் ரயில் நிறுவனத்திடம் தொடங்கி, 1949இல் ஓடத் தொடங்கிய கலிஃபோர்னியா செஃபர் ரயிலால் புகழ்பெற்றது. இதைக் கண்ணாடி மாடம் என்றும், பெட்டியை மாடப்பெட்டி என்றும் சொல்லலாம். 'குவிமாடம்' வேண்டாம், அது மசூதியையும் கோளரங்கத்தையும் நினைவூட்டும். இங்கே ஆள் ஏறி அமரும் மேலிடம் என்பதே முக்கியம், 'மாடம்' அதைச் சொல்கிறது.

மாற்றுக்கருத்து இருப்பின் நண்பர்கள் அருள்கூர்ந்து எழுத வேண்டும்.

அன்புடன்,
குழும உறுப்பினன்

* * *

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். விரிவான மடலுக்கு நன்றி. பின்திண்ணையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். என் வீட்டில் படித்துக் காட்டியபோது யாரும் பொருள் கேட்கவில்லை. தனியார் பெட்டி குறித்து எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. என் கட்டுரையின் ஓரிடத்தில், 2018இல் ஆம்ட்ராக் இத்தகைய பெட்டிகளுக்கான விதிகளை இறுக்கியதும், உரிமையாளர்கள் வருந்தியதும் வருகிறது. அங்கே 'தனியார்' என்றால் பெருநிறுவனம் என்று வாசகர் எண்ணுவாரோ என்று அஞ்சினேன். முதல்முறை மட்டும் 'தனியாருக்குச் சொந்தமான ரயில்பெட்டி' என்று விரித்துவிட்டு, பிறகு சுருக்கினால் அந்த ஐயம் எழவில்லை. அவ்வாறே செய்கிறேன்.

ஒன்று மட்டும் மீதமுள்ளது. பின்திண்ணையின் கம்பியில் ரயிலின் பெயர் பொறித்து, உள்ளிருந்து ஒளிரும் வட்டப் பலகை ஒன்று மாட்டியிருக்குமே, முரசின் தோலைப்போல இருப்பதால் ஆங்கிலத்தில் முரசோடு தொடர்புடைய பெயர் பெற்றது, அதற்கு 'முரசுமுகம்' என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார். அழகிய சொல். ஆனால் பார்த்திராத வாசகருக்கு அதில் ஒளியும் தெரியாது, பெயரும் தெரியாது. நான் 'பெயர்விளக்கு' என்று வைத்திருக்கிறேன். முதல் பத்தி இப்போது இப்படி நிற்கிறது:

"பகல் முழுவதும் பின்திண்ணையில் நின்றிருந்தோம். கார்ப்பின்டீரியாவைத் தாண்டித் திரும்பும்போது கடல் வலப்பக்கம் மாறியிருந்தது. இருட்டத் தொடங்கியதும் பணியாளர் பெயர்விளக்கை ஏற்றினார். எங்களுக்குப் பின்னால் இரண்டு தண்டவாளங்களும் அந்த வெளிச்சம் எட்டும்வரை தெரிந்தன."

'ஏற்றினார்' என்பது மின்விளக்குக்குப் பொருந்துமா என்பதை மட்டும் சொல்லுங்கள். 'போட்டார்' என்பது பேச்சுவழக்காக இருக்கிறது.

பணிவன்புடன்,
மொழிபெயர்ப்பாளர்