'பிரித்தெடுத்தல்' வேண்டாம், 'படியெடுத்தல்' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

நரம்பு வலையமைப்பு என்பது தரவை அடுக்கடுக்காகக் கணக்கிடும் கணினி மாடல். அதன் நடு அடுக்கு ஒன்று வெளியிடும் எண்களை, அதாவது பண்புக்கூறுகளை, வாங்குவதைப் 'பண்புக்கூறு பிரித்தெடுத்தல்' (feature extraction) என்று எழுதிவருகிறோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். போன சனிக்கிழமை, தரமணியில் என்னிடம் பைடார்ச் (இத்தகைய மாடல்களை எழுத உதவும் நிரல் நூலகம்) கற்கும் தம்பி ஒருவர் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். அதிலிருந்து இந்தச் சொல் உறுத்துகிறது.

படங்களை வகைப்படுத்தும் ரெஸ்நெட்-50 மாடலின் கடைசி அடுக்கை வெட்டிவிட்டு, மீதி உறுப்புகளை வரிசையாகக் கோத்து, பத்து வகைகளுக்கு ஒரு லீனியர் அடுக்கை (எண்களை அணியால் பெருக்கும் அடுக்கு) சேர்த்திருந்தார். ஓட்டினால், 65536x1 அணியையும் 2048x10 அணியையும் பெருக்க முடியாது என்று பிழை. 32 படங்கள், படத்துக்கு 2048 எண்கள். பெருக்கினால் அதே 65536. அதாவது, ஒவ்வொரு படத்தின் எண்களும் ஒரே வரிசையாகத் தட்டையாகவில்லை. தட்டையாக்கும் 'ஃபிளாட்டன்' தனி உறுப்பு இல்லை. தரவை அடுக்குகள் வழியாக ஓட்டும் 'ஃபார்வர்ட்' நிரலுக்குள் இருக்கும் ஒரு வரி. உறுப்புகளை மட்டும் எடுத்துக் கோத்ததில் அந்த வரி விட்டுப்போனது. "பிரிச்சு எடுக்கணும்னுதானே சார் சொன்னீங்க?" என்றார். அவர்மேல் தப்பே இல்லை.

மாடலை வெட்டவே வேண்டியதில்லை. வேண்டிய அடுக்கில் ஹூக் (hook) என்ற சிறு நிரலை மாட்டினால் போதும். தரவு வழக்கம்போலக் கடைசிவரை ஓடும். அந்த அடுக்கின் வெளியீடும் நம் கைக்கு வரும்.

கல்வெட்டைப் படியெடுப்பது இப்படித்தான். கல்லைக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, எழுத்தின் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்டி, மேலே மை ஒற்றுவார்கள். கருப்பில் வெள்ளையாக எழுத்து எழும். தாளை உரித்தபின் கல் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கும். திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளை யாரும் பெயர்த்துக்கொண்டு போய்ப் படிக்கவில்லையே.

பிரித்தெடுத்தலுக்குப் பதிலாக 'முகத்தல்' என்று முன்பு ஒருவர் பரிந்துரைத்தார். அழகான சொல்தான். ஆனால் மொண்டால் குடத்தில் தண்ணீர் குறையும். அடுக்கில் எதுவும் குறைவதில்லை.

'படி' என்ற சொல் இன்னொரு பிழையையும் பிடித்துக் கொடுக்கிறது. அதே தம்பி அப்புறம் ஹூக்கை, எண்களைச் சீராக்கும் 'பிஎன்1' அடுக்கில் மாட்டினார். அங்கே எதிர்ம எண்கள் இருந்தே ஆக வேண்டும். சேமித்ததில் ஒன்றுகூட இல்லை. எதிர்ம எண்களைப் பூச்சியமாக்குவது அடுத்து வரும் ரெலு அடுக்கின் வேலை; அது அதே நினைவகத்தின்மேலேயே எழுதுவதால் அவை எல்லாம் பூச்சியமாகிவிட்டன. அவர் வைத்திருந்தது படி இல்லை, மூலத்தையே சுட்டும் இன்னொரு பெயர். கணக்கீட்டுத் தொடர்பை அறுக்கும் 'டிடாச்' கட்டளையை மட்டும் போட்டாலும் நினைவகம் பிரிவதில்லை. தனிப் பிரதி எடுக்கும் 'குளோன்' போட்டதும் சரியானது. 'இன்னும் படியெடுக்கவில்லை' என்று ஒரே வரியில் அவருக்குச் சொல்ல முடிந்தது.

'அடுக்குப்படி' என்று பெயர்ச்சொல்லாக்கினால் மாடிப்படி நினைவுக்கு வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் வினையாகவே வைத்துக்கொள்வோம்: 'நான்காம் அடுக்கின் பண்புக்கூறுகளைப் படியெடு.' பெயராக வேண்டிய இடத்தில் 'படியெடுப்பு'. ஹூக்குக்குக் 'கொக்கி' போதும். மாட்டலாம், வேலை முடிந்ததும் கழற்றலாம்.

ரெலு செய்ததுபோல மூலத்தின்மேலேயே எழுதுவதற்குத்தான் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. 'மேலெழுதல்' கோப்புகளுக்கு ஏற்கெனவே புழங்குகிறது. 'அடித்தெழுதல்' என்றால் ஒத்துவருமா?